தகரத்தில் காய்ந்த நிலவேம்பு

வளைகுடாவில் இருக்கும் எங்கள் லேபில் மூலிகை அரைப்பது, சலிப்பது, கண்ணாடிக் குடுவை கழுவுவது எல்லாம் வீரபாண்டி அண்ணன்தான். பரமக்குடிப் பக்கத்து ஆள். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆறரைக்கே வந்துவிடுவார். மூன்று வருஷமாக லீவில் போகவில்லை. "எப்பண்ணே ஊருக்கு?" என்று யாராவது கேட்டுத் தொலைத்தால் அன்றைக்கு இரண்டு குடுவையாவது உடையும். திட்டு எனக்குத்தான் விழும். அந்தப் பகுதிக்கு நான்தான் கெமிஸ்ட்.

தாய்லாந்திலிருந்து மூலிகைப் பெட்டிகள் வாராவாரம் வரும். கடைக்குப் போகுமுன் மருந்துச் சத்து எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அன்றைக்கு வந்த பெட்டியில் 'ஃபா தலாய் சோன்' என்று எழுதியிருந்தது. அரைத்துக்கொண்டிருந்த அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு, விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார். சாம்பிளை வாயில் வைப்பதா! நான் கத்தின கத்தலில் மொத்த லேபும் திரும்பிப் பார்த்தது.

"மேடம், இது நம்ம நிலவேம்பு! எங்க கொல்லையில மண்டிக் கெடக்கு. எம் பொண்டாட்டி நாகவள்ளி வருஷா வருஷம் காயவெச்சு எடுத்து வெப்பா" என்றார். கண் கலங்கியிருந்தது. கசப்பினால் என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி நான்.

அந்தப் பெட்டிகளை வரவழைக்கும் காயல்பட்டினத்து அப்துல் ஹாதியிடம் அண்ணனே போய்ப் பேசினார். "லேப்ல பாஸாச்சுன்னா உங்க ஊர் எலையும் எடுத்துக்கிறேண்ணே" என்று அவர் சொல்லிவிட்டார்.

"கலாஸ் மேடம், இங்க எல்லாம் முடிஞ்சுது! விசாவ கேன்சல் பண்ணிட்டு அவளோடயே இருந்துருவேன்" என்றார் அண்ணன். அன்றிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டு குடுவை கழுவினார்.

லீவு முடிந்து வந்த ஒருவரிடம் நாகவள்ளி ஒரு பை இலை கொடுத்தனுப்பினாள். மானேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தாய்லாந்து இலையோடு அதையும் டெஸ்ட் மிஷினில் ஏற்றினேன். நிலவேம்புக்குக் கசப்புதானே மருந்து? அந்தச் சத்தில் பரமக்குடி இலை ஜெயித்துவிட்டது! ஓடிப்போய்ச் சொன்னேன். அவசரக் குடுக்கை, ஈயத்தின் ரிசல்ட் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஈயம் அளவுக்கு மேல். ஃபெயில். மறுபடி போட்டுப் பார்த்தும் அதேதான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"எதுலண்ணே காயப்போடுறாங்க?"

"கொட்டகைத் தகரத்துல மேடம். செவப்புப் பெயிண்ட் அடிச்சது, இப்ப உரிஞ்சு உரிஞ்சு விழுதாம்." அந்தப் பெயிண்டில்தான் ஈயம் என்றேன். "அந்தத் தகரத்த நாந்தான் இங்க வந்த மொத வருஷம் போடச் சொன்னேன். அவ மழையில நனையக் கூடாதுன்னு" என்றார்.

மத்தியானம் நாகவள்ளிக்குப் போன் போட்டார். ஒரு காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான்.

"பாஸாங்க?"

"கசப்புல நம்மதுதான் மொத. தகரத்தாலதான் கெட்டுச்சு. இனிமே பாயில காயப்போடு."

"இருக்கறது பூராம் தகரத்துல காஞ்சதாச்சே. இனிமே மழைக்கு மொளச்சுல்ல அறுக்கணும்?"

"ஆமா. தை ஆயிரும்."

"ஒங்க சட்டையெல்லாம் நேத்தே தொவச்சுக் காயப்போட்டுட்டேங்க" என்றாள்.

"கொடியிலதான போட்ட?"

"ம்."

"மடிச்சு வையி. தையில வந்துர்றேன்."

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று குடுவை உடைந்தது. உடைத்தவர் பெயர் எழுதும் நோட்டில் என் பெயரை எழுதினேன்.