ஒன்பதுக்கு நாலு

கள்ளக்குறிச்சியில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் செய்கிறவன் நான்; எந்த மிஷின் வந்தாலும் முதலில் ஒயரைப் பார் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். எட்டாவதோடு படிப்பு நின்றாலும், பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கினேன்; பொழுதுபோக்குக்காக ஊர்விட்டு ஊர் ரேடியோவிலேயே பேசிக்கொள்கிற கூட்டம் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரேடியோவையும் பைக் பேட்டரியையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஏரியல் கட்டுவதற்காகக் கயிற்றில் கல்லைக் கட்டி மரக்கிளைமேல் எறிந்து, அந்தக் கல் தன் தலையிலேயே விழுந்த அனுபவம் உள்ளவர்கள் எல்லாரும் எனக்கு உறவுக்காரர்கள். இது அவர்களுக்கு.

ஏரிக்கரையில் வாங்கிய மார்க்

லைசென்ஸ் வந்த முதல் ஞாயிறு. ஏரிக்கரையில் மூங்கில் கழி நட்டு, ஏரியல் கம்பியை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினேன். காலை ஏழு மணிக்கு எங்கள் பக்கத்து ஹாம்கள் பத்துப் பேர் வரிசையாகப் பேசுவார்கள். நடத்துகிறவர் திருநாவலூர் தணிகாசலம் சார், ரிடையரான ஹெட்மாஸ்டர். ஒருவர் பேசினால், தெளிவுக்கு அஞ்சுக்கு எத்தனை, பலத்துக்கு ஒன்பதுக்கு எத்தனை என்று கேட்டவர் சொல்ல வேண்டும். அரைகுறையாகக் கேட்டாலும் அஞ்சு, ஒன்பது என்று சொல்லிவிடுவது ஊர் மரியாதை.

சாருக்கு அந்த மரியாதை கிடையாது. மார்க்கில் கஞ்சன் என்று எல்லாரும் அவரைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாவதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் போட்ட மார்க்கையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்க, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மெல்லிய குரலில் அவர் சொன்னார்: "தெளிவு அஞ்சுக்கு மூணு, பலம் ஒன்பதுக்கு நாலு. வர்றதைத்தான சொல்ல முடியும், முருகேசன்?"

அந்தக் குரலைக்கூட எனக்காக உயர்த்த மாட்டாரா என்று அதையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டேன். அந்த வாயால் ஒன்பது வாங்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

கரியாலூரில் ஒரு புடவை

உயரம் ஏறினால் மார்க் ஏறும் என்று கல்வராயன் மலைக்குப் போனேன். கரியாலூரில் இரண்டு பலாமரங்களுக்கு நடுவே கம்பி கட்டி நிமிர்ந்தால், ஒரு அம்மா பக்கெட்டோடு வந்து அதில் ஈரப் புடவையை விரித்துவிட்டார்.

"எடும்மா, நான் பேசறப்ப தொட்டா கை சுடும்."

"கரண்டு கம்பியா?"

"ரேடியோ கம்பி."

"பாட்டு கேக்கறதுக்கு இத்தினி நீளமா?"

"பாட்டு வராது. திருநாவலூர் வாத்தியார் பேசுவாரு."

அவர் புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாத்தியார் பேசுவதைக் கேட்க அங்கேயே நின்றார். சார் வந்தார், ஒன்பதுக்கு அஞ்சு கொடுத்தார், போய்விட்டார். அந்த அம்மா பக்கெட்டைத் தூக்கினார்: "இதுக்கு என் பொடவையாச்சும் காஞ்சிருக்கும்."

செக்போஸ்ட்டில்

இன்னொரு நாள் மலையடிவார செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். சாராயமோ என்று பேட்டரிப் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். லைசென்ஸைக் காட்டினேன். நம்பவில்லை. அங்கேயே வேலியில் கம்பி கட்டிப் பேசிக் காட்டச் சொன்னார். கட்டினேன். சார் குரல் வந்ததும் அவர் முகம் மாறியது. செல்போனுக்கு டவர் கிடைக்காத இடம் அது.

"அப்படியே எங்க வூட்டு நம்பரைப் போடு."

"இதுல நம்பர் போட முடியாதுங்க. இன்னொரு ரேடியோகிட்டதான் பேசலாம்."

"அவரு இன்னா ஒன்பதுக்கு நாலுன்றாரு?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டியை மூடி என் கையில் கொடுத்தார்: "வூட்டுக்கும் பேச முடியல, மார்க்கும் கம்மி. இத வெச்சினு இன்னாய்யா பண்ற நீ?"

அதே கேள்வியை வீட்டில் என் மனைவி சரசு வேறு விதமாகக் கேட்பாள்: "ஒரு மனுசன்கிட்ட மார்க் வாங்க ஆறு வருசமா மலை ஏறிக்கினு கெடக்கறியே, அவரு வூட்டுக்கு ஒரு நடை போனா இன்னா?"

கடைசி ஞாயிறு

நான் போகவில்லை. சாரே வர வைத்தார். சென்னையில் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகவும், அந்த அபார்ட்மெண்டில் கம்பி கட்ட விடமாட்டார்கள் என்றும் ஒரு ஞாயிறு ரேடியோவில் அறிவித்தார். எனக்கு ஒரு ஞாயிறுதான் மிச்சம். மலையில் யாரும் ஏறாத பாறைக்குப் புது பேட்டரியைத் தலையில் சுமந்துகொண்டு போனேன். ஆறு கொடுத்தார். கொடுத்துவிட்டு எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: "யாராவது வந்து தென்னமரத்துல இருக்கற கம்பிய எறக்கிக் குடுங்கப்பா, எனக்கு மரம் ஏறுற வயசு இல்ல."

அந்தக் கம்பியை என் கையால் இறக்க வேண்டும் என்று ஒரு வெறி. புதன்கிழமை போனேன்.

திருநாவலூரில்

மரத்திலிருந்து ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், ஓட்டுக்கு அடியில் ஒரு அணில் கூடு. ஒயரை அணில் எப்போதோ கடித்திருக்கிறது. உள்ளே மழைத்தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. ரிடையரான வருஷத்திலிருந்தே அந்தக் கூடு இருக்கிறது என்றார் சார். என் குரல் அவருக்குப் போவதும் அவர் குரல் எனக்கு வருவதும் இந்த ஒரே ஒயர் வழியாகத்தான். அவர் குரல் எனக்கு ஏன் கிணற்றிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. மிக்சி வந்தால் முதலில் ஒயரைப் பார்க்கிறவன், இங்கே ஆறு வருஷமாக மனுஷனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கம்பியை இறக்கவில்லை. கெட்ட துண்டை வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சேர்த்துச் சுற்றினேன். நாளைக் காலை ஏழு மணிக்கு ரேடியோவைப் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் அதே ஏரிக்கரை, அதே மூங்கில் கழி, பழைய பேட்டரி. கூப்பிட்டேன். சார் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்தது: "அஞ்சு, ஒன்பது. ஆறு வருசமா நீ நல்லாத்தான் பேசிக்கினு இருந்திருக்க, முருகேசா."

சார் சென்னைக்குப் போய்விட்டார், அவர்மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அணில் குடும்பம் இன்னும் திருநாவலூரில்தான் இருக்கிறது, அதை நான் மறப்பதாக இல்லை.