நிக்கல் கம்பி

எங்கள் மெல்லிசைக் குழுவின் முதலாளி வெள்ளை வேட்டி சட்டை போட்டு, கழுத்தில் பவுடர் அப்பியிருப்பார். யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

எனக்குப் பகலில் சலவைப் பட்டறையில் வேலை. சாயங்காலம் அவருடைய பேஸ் கிதாரை வாசிப்பேன். பிளீச்சிங் தண்ணீரில் விரல் தோல் வெந்திருக்கும். ஸ்டீல் கம்பி பட்டால் ரத்தம் வரும்.

மாரியம்மன் நோம்பிக் கச்சேரிக்கு முன்னால் என்னைக் கோயமுத்தூரில் ஒரு இசைக்கருவிக் கடைக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு வகைக் கம்பியாக வாசிக்கச் சொல்லி, "வெரலுக்கு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். பட்டையாகச் சுற்றிய கம்பி மெத்தென்று இருந்தது, ஆனால் சத்தம் மந்தம். கடைக்காரர் நிக்கல் ரவுண்ட்வுண்ட் என்று எடுத்துக்கொடுத்த, நிக்கல் இழை சுற்றிய கம்பி விரலை அறுக்கவில்லை, சத்தமும் தெளிவு.

"இதுங்க" என்றேன். வாங்கினார். எனக்காக இப்படிப் பார்த்துச் செய்தவர் அதுவரை யாரும் இல்லை.

கச்சேரியன்று கிதார் அவர் மச்சினன் தோளில் தொங்கியது.

"அப்ப நானுங்க?"

"மச்சினனுக்குப் பூவாட்டக் கைங்க. உங்க புண்ணு வெரலுக்கே ஒத்துக்கிட்டா அவனுக்கும் ஒத்துக்குமில்லீங்க? அதுக்குத்தானுங்க உங்களைக் கூட்டிட்டுப் போனது."

"இனிமே வெரலு நோகாது, போங்க" என்று டிரம்ஸ்காரர் சிரித்தார்.

நான் மேடைக்குக் கீழே நின்றேன். முதலாளி எனக்கு டீ வாங்கி வரச்செய்தார். மேடையிலிருந்து குனிந்து, "சக்கரை போதுமுங்களா?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

போதும் என்றேன். அந்த மனிதரை எந்தக் கணக்கில் வைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.