தண்ணீர்த் தொட்டியில் கிடந்தவள்

தள்ளுபடியில் ஒரு டீ விலைக்குக் கிடைத்ததால்தான் அந்த மின்னூலை வாங்கினேன். ஓய்வுபெற்ற பெண் இன்ஸ்பெக்டர் துப்பறியும் தொடரில் முதல் கதை. வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி. அதன் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பெண்ணின் பிணம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் வாசிப்பதை நாலு பேர் கேட்டால் எனக்குப் பெருமைதான். ஓசூரில் எங்கள் விடுதியிலிருந்து போகும் கம்பெனி பஸ்ஸில் சத்தமாகப் படித்தேன். அறைத்தோழி, தளி ஊர்ப் பக்கத்துப் பெண், வீட்டில் பேசுவது கன்னடம், கண்கொட்டாமல் கேட்டாள். முன் சீட்டுக்காரிகளும் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். பிணத்தைத் தூக்கும் இடத்தில் கம்பெனி கேட் வந்துவிட்டது. போனை அங்கேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். பாதிக் கதை மட்டும் உள்ளே போனது.

அங்கே அது கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் மாறி, அசெம்பிளி லைன் லைனாக நடந்திருக்கிறது. கதை என்று சொல்ல எங்கேயோ மறந்துபோனார்கள்; விடுதியும் எங்கள் விடுதியாகிவிட்டது. ஷிப்டு முடிந்து போன் கைக்கு வந்ததும் யாரோ தோழியின் ஊருக்கே சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை விடுதி வாசலில் தோழியின் அப்பா, கையில் காலிப் பையோடு. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே சத்தம் போட்டார்.

“துணியெல்லாம் எடுத்துப் போடு. பொண்ணைக் கொன்னு தொட்டியில போட்ட இடத்துல என்னா வேலை? கூட்டினு போறேன்.”

“ஐயோ, அது கதைப்பா!” என்றாள் தோழி.

கம்பெனியில் அவளை நிரந்தரமாக்கப்போகிற நேரம். இப்போது போனால் திரும்ப எடுக்க மாட்டார்கள். நான் போனை நீட்டினேன்.

“இதுல இருக்குதுப்பா. நான்தான் படிச்சேன்.”

“போன்லயே வந்துடுச்சா? அப்ப நடந்ததுதான்.”

வார்டன் அக்கா அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்த் தொட்டியைத் திறந்து காட்டினார். இறங்கி வந்தவர் முகம் இன்னும் இறுகியிருந்தது.

“சுத்தமா கழுவி வெச்சிருக்கானுங்க.”

வேறு வழி தெரியாமல் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். கதையில் விடுதியின் பின்சுவரில் அலை மோதுகிறது என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அலையா? ஓசூர்ல ஏதும்மா கடலு?”

“அதாம்ப்பா சொல்றேன்!”

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் மகளைப் பார்த்தார். பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார்.

“ஓடு, பஸ்ஸு போயிரும்.”

அவள் அழுதுகொண்டே ஓடினாள். பின்னாலேயே போன என்னை அவர் கூப்பிட்டார்.

“கொன்னது யாரும்மா?”

“இன்னும் முடிக்கலப்பா.”

“முடிச்சிட்டு போன் பண்ணு. அதுவரைக்கும் அவளை மாடிக்கு விடாத.”