மேட்டில் நடுங்கிய வேன்

மெக்கானிக்கின் கிழட்டு வேனில் பெட்ரோல் எஞ்சினுக்குப் பாதி உயிர்தான் மிச்சம். மீதி உயிருக்கு, காயலான் கடையில் பொறுக்கிய பேட்டரி மோட்டாரைப் பின் அச்சில் பூட்டியிருந்தார். இன்று துணி மூட்டைகளோடு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறிக் காட்டினால்தான் அவர் மனைவிக்கு அங்கே சலவை வேலை கிடைக்கும். மேலே மேலாளர் கைகட்டி நின்றார்.

பாதி மேட்டில் எஞ்சின் உறுமியது, மோட்டார் அலறியது. வேன் நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"என்னங்க, ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குதே!" ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மனைவிக்கு வியர்த்துக் கொட்டியது.

"மோட்டாரைத் திருப்பிப் பூட்டிட்டேன் போலிருக்கு."

"என்னைக்குத்தான் நேராப் பூட்டினீங்க?"

எஞ்சின் இருமி அணைந்தது. வேன் பின்னோக்கிப் பாய்ந்தது. அவர் மோட்டார் சுவிட்சை அணைக்க, அவள் பிரேக்கில் ஏறி நிற்க, அடிவாரத்தில் ஒருவழியாக நின்றது.

அவள் எஞ்சினை உசுப்பி வேனைத் திருப்பினாள். வேனின் முதுகு மேட்டைப் பார்த்ததும் ரிவர்ஸ் கியரைப் போட்டாள். "இப்போ போடுங்க உங்க மோட்டாரை."

வேன் பின்பக்கமாகவே சாதுவாக மேலேறி, மேலாளரின் காலடியில் நின்றது.

"ஏம்மா ரிவர்ஸ்ல வர்றீங்க?"

"மூட்டை இறக்க வசதியா இருக்கும்ல சார்!"

மெக்கானிக் அவசரமாக ஒரு மூட்டையை இறக்கினார். மேலாளர் தலையாட்டினார்.

"நல்ல யோசனை. நாளையிலிருந்து இப்படியே வாங்க."