எஸ்கேப் கீயும் கேஜ் மணியும்

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் ஹார்டுவேர் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையைப் போன வாரம் இந்தக் குழுவில் எழுதியிருந்தேன். இன்று அதன் மிச்சம்.

சரக்குக் கணக்கு சாஃப்ட்வேரை விற்றவர் சும்மா ஒருமுறை காட்டிவிட்டு பெங்களூர் போய்விட்டார். என்டர் அடித்தால் உள்ளே போகும், எஸ்கேப் அடித்தால் ஒரு படி மேலே வரும். அவ்வளவுதான் பாடம்.

படிப்பது நானும் ஆரோக்கியம் அண்ணாவும். அண்ணா, தங்கச் சுரங்கம் மூடும்வரை, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு லிஃப்டான கேஜுக்கு மணி அடித்தவர். இப்போது எங்களிடம் சரக்கு பார்க்கிறார்.

ஒரு எஸ்கேப் போதும் என்கிற இடத்தில் அண்ணா படபடவென்று அடித்துவிடுகிறார். ‘வெளியேறவா?’ என்று அது கேட்கிறது. ஆமாம் போடுகிறார். காலையிலிருந்து ஏற்றிய பெயிண்ட் டப்பா, ஆணி எல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்து.

“இன்னாண்ணா, ஒரு தடவ அடிச்சா போதாதா?”

“ஆளு ஏறியிருந்தா ஒரே மணிக்குக் கேஜ் கிளம்பாதும்மா. கை அப்படியே பழகிடுச்சு.”

சண்டை போடத் தெம்பில்லை. ஸ்குரூடிரைவரால் எஸ்கேப் கீயை நெம்பி எடுத்து டிராயரில் போட்டேன்.

அண்ணா அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “மேல வர்ற வழியையே மூடிட்டீங்களாம்மா?”

இப்போது கீ திரும்பப் பொருந்த மாட்டேன் என்கிறது. கொள்முதல் பக்கத்திலிருந்து வெளியே வர முடியவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் போடுங்கள்.

கடையில் அண்ணா இன்னும் அந்தக் கொள்முதல் பக்கத்தில், கீழேதான் இருக்கிறார்.