தங்கச்சி பம்பை நிறுத்திய நாள்

என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே தலசீமியா. அவளுடைய உடம்பு போதிய இரத்தத்தைத் தானே உண்டாக்காது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தோடு இரும்பும் சேர்ந்து வரும். அது வெளியே போக வழியில்லாமல் இருதயத்திலும் ஈரலிலும் தங்கிவிடும். அதை இழுத்து வெளியேற்ற ஒரு மருந்து இருக்கிறது. உள்ளங்கை அளவிலான பம்ப் ஒன்று, வயிற்றுத் தோலில் குத்திய மெல்லிய ஊசி வழியாக அந்த மருந்தை மெதுமெதுவாகப் பத்து மணித்தியாலம் செலுத்தும். வாரத்தில் ஐந்து நாள் இந்தப் பாடு. பத்து வயதிலிருந்து ஊசியை அவளே குத்திக்கொள்கிறாள். இப்போது சாய்ந்தமருதில் விஞ்ஞான ஆசிரியை. சில நாட்களில் அபாயா அங்கிக்குள் பம்பை மாட்டிக்கொண்டே வகுப்பெடுப்பாள். பிள்ளைகளுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் எது தவறினாலும் பம்ப் தவறக்கூடாது. உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு அந்தக் காவல் என் பொறுப்பாயிற்று. நான் வீட்டிலேயே தையல் செய்கிறவள். மெஷினில் இருந்தபடியே, “போட்டுட்டியா?” என்று கேட்பேன். “ஓம் ராத்தா” என்று அறைக்குள்ளிருந்து பதில் வரும்.

ஒரு சனிக்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு அவளது அறைக்குப் போனேன். இரண்டு நாளாக அவளுக்கு வயிற்றோட்டம். காலையில் பம்ப் போட்டதை நானே பார்த்திருந்தேன். இப்போது கட்டிலில் சுருண்டு கிடந்தாள். ஊசியைக் கழற்றிப் பஞ்சில் வைத்திருந்தாள்.

“என்னடி செய்யிற? மருந்து இன்னம் பாதி இரிக்கே!”

“வேணா ராத்தா. இப்ப காச்சல் புடிச்சிட்டு. காச்சல் வந்தா நிப்பாட்டணும்.”

“ஆரு சொன்ன?”

“கிளினிக்குல சொன்னாங்க. அங்க தந்த கொப்பியிலயும் எழுதியிரிக்கி.”

நான் நம்பவில்லை. நோயாளியாக இருக்கும்போதுதானே மருந்து வேண்டும் என்று ஏசினேன். வலிக்குப் பயந்து சாட்டுச் சொல்கிறாள் என்றுகூட நினைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “சண்ட புடிக்க எனக்குச் சத்தில்ல ராத்தா. வகுறு நோகுது. ஓட்டோ ஒண்டு கூப்புடுங்க” என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த சத்திரசிகிச்சை டொக்டர் வயதில் அவளைவிட இளையவர். வலப்பக்க அடிவயிற்றை அழுத்தினார். அவள் துடித்தாள். குடல்வால் போலத் தெரிகிறது, ஒப்பரேஷன் செய்ய வேண்டி வரலாம் என்றார்.

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். “டொக்டர், நான் தலசீமியா நோயாளி. இரும்பு எடுக்கிற மருந்து பாவிக்கிறன். எங்களுக்குக் குடல்வால் மாதிரியே நோவு காட்டுற கிருமி ஒண்டு இரிக்காம். அதையும் ஒருக்காப் பாக்க ஏலுமா?”

அவர் கோபிப்பார் என்று பயந்தேன். கோபிக்கவில்லை. “நீங்க சொல்றது சரியா இருக்கலாம். பெரிய டொக்டரிட்டக் கேட்டுட்டு வாறன்” என்று போனார். ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் நன்றாகவே இருந்தது. அதைச் சுற்றியிருந்த நிணநீர்க் கணுக்கள்தான் வீங்கியிருந்தன. இரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் கிருமிக்கான மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றுதான் கஞ்சி கேட்டாள்.

நாலாம் நாள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான டொக்டரே வாட்டுக்கு வந்தார். காரைதீவுப் பக்கத்துப் பெண். தங்கச்சி சந்தேகப்பட்ட கிருமியேதான் என்றார். தங்கச்சி எழுந்து உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள். டொக்டர் கட்டில் ஓரத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். கிருமிக்கும் வாழ இரும்பு வேண்டும். நம் உடம்போ இரும்பை லேசில் எடுக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறது. கிருமிக்குள் ஒரு புரதம் இருக்கிறது. இரும்பு தாராளமாக இருக்கும்போது அந்தப் புரதம் இரும்போடு சேர்ந்து மரபணுக்களின் மேல் அமர்ந்து அவற்றை வேலை செய்ய விடாது. இரும்பு குறைந்ததும் அது விலகிவிடும். உடனே அடங்கியிருந்த மரபணுக்கள் விழித்து, இரும்பைத் தேடிப் பிடிக்கிற சாமான்களையெல்லாம் செய்யத் தொடங்கும். இரும்பில்லாத இடத்துக்கு வந்ததை வைத்தே மனித உடம்புக்குள் வந்துவிட்டோம் என்று கண்டுகொண்டு, அப்போது மட்டும் நஞ்சு சுரக்கிற கிருமிகளும் உண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இத்தனை கணக்கா என்று கேட்டேன்.

“இவங்கட மருந்து இருக்கே, அதுவும் மண்ணில வாழுற ஒரு நுண்ணுயிர் தனக்கு இரும்பு பிடிக்கச் செய்ததுதான்” என்றார் டொக்டர். “இந்தக் கிருமிக்கு அதைச் செய்யத் தெரியாது. ஆனா இரும்பு குறைஞ்சா, மருந்து பிடிச்சு வச்சிருக்கிற இரும்பை உள்ள எடுக்கத் தன்னில ஒரு கதவைத் திறக்கும்.”

தங்கச்சி சிரித்துவிட்டாள். “அப்ப அடுத்தவன் சமைச்சதத் திங்கிற ஆள்!”

“ஓம். நீங்க பம்ப்பைக் கழட்டாம இருந்திருந்தா அதுக்கு இன்னும் சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்திருப்பீங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டொக்டர் போன பிறகு தங்கச்சியின் கையைப் பிடித்து, “உன்ன ஏசினத்துக்கு மாப்புத் தா” என்றேன். “ஏசாட்டித்தான் எனக்குப் பயம் வந்திரிக்கும் ராத்தா” என்றாள்.

வீட்டுக்கு விட்ட நாளில் ஆய்வுகூடத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். டொக்டர் அந்தக் கிருமியை வளர்த்திருந்த மூடிய தட்டு ஒன்றைக் காட்டினார். குண்டூசித் தலையளவில் வெளிறிய புள்ளிகள். தங்கச்சி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தன்னைக் கொல்ல வந்த ஒன்றை அப்படி ரசித்துப் பார்க்க அவளால் முடிந்தது. வாசலில் ஓட்டோக்காரர் ஹோன் அடித்துக்கொண்டிருந்தார். நான் அவளைக் கூப்பிடவில்லை.