ரோகிணி டிராக்டர் டீலர், முன்னாள் அல்ல

இன்று காலை சேரன்மகாதேவியில் ஒரு குடும்பம் கூடி, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'முன்னாள்' என்ற சொல்லைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறது. முடிவு உடனடியாக அமலுக்கு வருகிறது.

சங்கரபாண்டி அண்ணாச்சி நேற்று இறந்துவிட்டார். ரோகிணி டிராக்டர் டீலர்.

ரோகிணி கம்பெனி மூடி ரொம்ப வருஷமாகிறது. அதனால்தான் விவாதம்.

அவர் கடையில் ஒரு காலத்தில் பில் போட்டவன் என்பதால் போஸ்டர் வாசகம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மகன் முத்து 'முன்னாள் டீலர்' என்று போடச் சொன்னான்.

"கம்பெனியே இல்ல, பெறவு என்ன டீலரு? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்ணே," என்றாள் மகள் கோமதி. அண்ணாச்சியோடு கடையைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். "முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் அப்பா கடையிலதான இருந்தாவ? முன்னாள்னு போட்டா நானே போயி கிழிச்சிருவேன், சொல்லிட்டேன்."

முத்து என் பக்கம் திரும்பினான். "சரி, எடுத்துரும் வே" என்றான்.

ரோகிணியைத் தெரியாதவர்களுக்கு... ஒரு காலத்தில் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. அந்தக் காத்திருப்பைத் தன் தரத்துக்குக் கிடைத்த சான்றிதழ் என்று கம்பெனி எடுத்துக்கொண்டது.

மற்ற கம்பெனிகள் பவர் ஸ்டீயரிங் வைத்தன. ரோகிணி கம்பெனி காலண்டரில் படத்தை மாற்றியது.

பிறகு பதறிப்போய் 'சூப்பர் ரோகிணி' என்று ஒன்றை இறக்கினார்கள். கோதுமை வயலை மனதில் வைத்துச் செய்த, யானை மாதிரி கனமான வண்டி.

வெள்ளோட்டத்துக்கு வந்த கம்பெனி ஆபீசர், காய்ந்த தரையில் ஓட்டிக் காட்டலாம் என்றார். அண்ணாச்சிக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"காஞ்ச தரையில ஓட்டதுக்கு எதுக்கு டிராக்டரு? சைக்கிளே போதுமே. தொளியில எறக்குங்க."

தொளி என்றால் நடவுக்குத் தண்ணீர் கட்டி உழுது வைத்த சேறு. மேளம், மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம்... வண்டி இறங்கியது. பைய இறங்கியது. பிறகு நிற்காமல் இறங்கியது.

வரப்பிலிருந்து ஒரு குரல்: "அண்ணாச்சி, ஒங்க வண்டி நாத்து நடுதா, இல்ல தன்னையே நட்டுக்கிடுதா?"

அண்ணாச்சி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தாழல வே. நின்னு யோசிக்குது."

எதிர்க் கம்பெனி டிராக்டர்கள் இரண்டு வந்து இழுத்து வெளியே போட்டன. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "பாத்தியளா? நம்ம ஒரு வண்டிக்கு அவன் வண்டி ரெண்டு சரி."

அன்று ஒரு வண்டிகூட புக் ஆகவில்லை.

கடைசியில் ரோகிணியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. வாங்கிய கையோடு மூடியது.

அவர்களுடைய ஆள் ஒருவர் கடைக்கு வந்தார். புது டீலர்ஷிப் உங்களுக்கே தருகிறோம், பழைய போர்டை மட்டும் கழற்றிவிடுங்கள் என்றார். நான் அப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சி காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கழத்தலாம். ஏணி இல்லையே."

அவர் முதுகுக்குப் பின்னால் ஏணி சாத்தியிருந்தது. வந்தவர் அதைக் காட்டினார்.

"அதுவா? அது போர்டு மாட்டுத ஏணில்லா."

டீலர்ஷிப் எதிர்க்கடைக்குப் போனது. அவர்கள் மாடி எடுத்துக் கட்டினார்கள். அண்ணாச்சி போர்டுக்குப் புது பெயிண்ட் அடித்தார்.

அப்புறம்தான் அந்தக் காரியத்தைத் தொடங்கினார்... மணிமுத்தாறிலிருந்து ஆழ்வார்திருநகரி வரைக்கும் எங்கே ஒரு ரோகிணி பழைய இரும்புக்குப் போகிறது என்று கேள்விப்பட்டாலும் பஸ் ஏறிப்போய் வாங்கிவந்து, பிரித்து, துடைத்து, ரேக்கில் அடுக்கினார். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ரோகிணிகளுக்கு ஸ்பேர் அங்கே மட்டும்தான் கிடைக்கும்.

"என்னத்துக்கு அண்ணாச்சி இந்தப் பாடு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஓடிப்போனது கம்பெனி. வித்த நான் இங்கனதான இருக்கேன்? பாதி உழவுல வண்டி நின்னா சம்சாரி யாருகிட்ட வருவான்?"

போஸ்டர் ஒட்டியாயிற்று. 'சங்கரபாண்டி, டீலர், ரோகிணி டிராக்டர்ஸ்.' எதிர்க்கடைச் சுவரிலும் ஒன்று. கோமதி குறிப்பாகச் சொல்லி ஒட்டவைத்தாள்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். போயிட்டு வாங்க அண்ணாச்சி... போர்டு இருக்கிற இடத்தில் இருக்கிறது.

மதியம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒருவர் போஸ்டரைப் பார்த்துவிட்டுத் துட்டி கேட்க வந்தார். மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு, கிளட்ச் பிளேட் இருக்கிறதா என்று கேட்டார்.

கோமதி எழுந்துபோய்க் கடையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.